பாக்கி வைக்கத் தெரியாதவர்

மாதாமாதம் ஐந்தாம் தேதி மாலையானால் டேரில் ஹாட்ஜஸ் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுவார். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி வாடகை வசூலிக்கும் நேரம் அது.

"டேய் க்யூசிக், தேதி என்னடா?"

"அஞ்சுதான், அக்கா. டாக்சிக்கு டயர் மாத்தினேன், அதான்..."

"டயரையா தின்னே? மூஞ்சி ஒட்டிப் போயிருக்கு. உள்ள வா, குழம்பு கொதிக்குது. தின்னுட்டுப் போய்ப் பணத்தோட வா. இல்லே, பெட்டி தெருவுல கிடக்கும்."

பிறகு கரண்டிச் சத்தம் கேட்கும். சோயாக் குழம்பின் வாசனை மூன்றாம் மாடிவரை ஏறி வரும். அங்கே டேரில் தன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்.

வயது ஐம்பத்திரண்டு. ஊர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா. தென் கொரியாவின் சியோல் நகரில் ஒரு கம்பெனி ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார். மழையில்லாத நாளிலும் குடையோடு நடப்பார். வந்த புதிதில் தரகர் ஒருவர் வழி சொன்னார்: பெரிய டெபாசிட் வேண்டாம், இரண்டு வருட வாடகையை மொத்தமாக முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். அமெரிக்கர்கள் பலர் அப்படித்தான். டேரில் நான்கு முறை கொடுத்தார். எட்டு வருடம் ஓடிவிட்டது.

வீட்டுக்காரி கும்சுன் அம்மாளுக்கு அவர் மேல் அபார மரியாதை. படியில் பார்த்தால் ஒதுங்கி நின்று குனிவாள். "சௌகரியமா இருக்கீங்களா சார்?" அறுவடைப் பண்டிகைக்குக் குஞ்சம் கட்டிய பெட்டியில் பேரிக்காய் வரும். மற்ற குடித்தனங்களுக்குப் பழைய டப்பாவில் கிம்ச்சி ஊறுகாய் போகும். "டப்பாவைக் கழுவிக் கொண்டாங்கடி" என்ற அதட்டலும் கூடவே போகும். பேரிக்காய்ப் பெட்டியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தது. டேரில் கீழே போய், இனி வாடகையை மாதாமாதம் தருவதாகச் சொன்னார். டெபாசிட்டும் கட்டுகிறேன் என்றார்.

கும்சுன் அம்மாளின் முகம் வெளிறிவிட்டது. "வேலை போயிடுச்சா சார்?"

"இல்லீங்க."

"அப்ப நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா? அந்த பாய்லர் சரியா ஓடலையா?"

"இல்லீங்க. எல்லாரையும் போல..."

"நீங்க எல்லாரையும் போலவா சார்?" என்றாள் அவள், நிஜமாகவே புண்பட்டு.

  டேரில் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி ஏறினார்.

முதல் மாதம் ஐந்தாம் தேதி வந்தது. செல்பேசியில் ஒரு அழுத்தல்தான், பணம் போய்விடும். டேரில் அழுத்தாமல் விரலை எடுத்துக்கொண்டார். ஆறாம் தேதி அவள் படியில் குனிந்து, "குளிர் வந்துடுச்சு சார்" என்றாள். எட்டாம் தேதியும் குளிரைப் பற்றித்தான் பேசினாள், வாடகையைக் கேட்கவில்லை. க்யூசிக் மட்டும் அதற்குள் இரண்டு முறை திட்டு வாங்கிவிட்டான்.

பத்தாம் தேதி மாலை கும்சுன் அம்மாளின் ரப்பர் செருப்பு இரண்டாம் மாடியைத் தாண்டி மேலே ஏறி வந்தது. டேரில் நாற்காலி நுனிக்கு வந்தார். செருப்பு அவர் கதவுக்கு வெளியே நின்றது. தட்டவில்லை. தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெருமூச்சு. பிறகு செருப்பு திரும்பி ஒரு படி இறங்கியது.

டேரில், தான் உள்ளேதான் இருப்பது தெரியட்டும் என்று, பலமாக இருமினார்.