'அப்பா, நீங்' என்று நின்றுபோன வரி

பார்சல் கிடங்கில் லேபிள் அச்சடிக்கும் புரோகிராமை எழுதியவர் அவர். சி என்னும் கணினி மொழியைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடித்ததால் 'சி மாமா' என்றே பேர் நிலைத்துவிட்டது. மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரும் மகளும்தான். முகம் பார்த்துப் பேச இருவருக்கும் வராது. அதற்கும் மனிதர் ஒரு புரோகிராம் எழுதினார்! வெளியே போகிறவர் அடுக்களைக் கணினியில் ஒரு வரி தட்டிவிட்டுப் போக வேண்டும். லேபிளில் போலவே முப்பது எழுத்துக்கு இடம் விட்டிருந்தார். பால் தீர்ந்த செய்தியை ஆங்கில எழுத்தில் அடிக்க அது தாராளம்.

வேலை கிடைத்து மகள் தொலைதூரம் கிளம்பிய காலையில், அழுதுவிடுவோமோ என்று பயந்து கிடங்குக்கு நழுவிவிட்டார். மதியம் சாப்பிட வந்தபோது வீடு வெறிச்சென்றிருந்தது. திரையில் முதல்முறையாகத் தமிழில் ஒரு வரி: 'அப்பா, நீங்'.

நீங்க நல்லா இருங்க என்றா, நீங்க ஏன் இப்படி என்றா? மீதி எழுத்துகள் மெமரியில் பக்கத்து இடத்தில் கிடக்கும் என்று நம்பினார். அந்த இடத்தின் முகவரியை மனப்பாடம் செய்து, வேலை முடிந்து வந்ததும் துழாவுவார். கிடைத்ததெல்லாம் குப்பை. போனில் கேட்டால், அப்பா அதைப் படிக்கவே இல்லை என்று ஆகிவிடுமே. அவளும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சாப்பிட்டாயா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஏங்கியே ஒரு வருஷம் போனது.

தமிழ்ப் பேர் போட்ட லேபிள்கள் பாதியில் அறுந்து வந்த அன்று, கிடங்கின் கணினிக்காரப் பெண் சிரித்தாள்.

"மாமா, இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட் இடம் போதும், நம்ம எழுத்து ஒண்ணுக்கு மூணு பைட் வேணும். கொம்பு, புள்ளி வந்தா அதுக்குத் தனியா மூணு."

"இடம் பத்தலன்னா மீதி பக்கத்து அட்ரஸ்ல இருக்கும்ல?"

"நீங்கதான் முப்பதோட நிறுத்தச் சொல்லியிருக்கீங்களே. மீதிய அது வாங்கவே இல்ல. அந்த அட்ரஸும் புரோகிராம் ஓடுற வரைக்கும்தான். அடுத்த தடவை வேற இடம்."

அவர் வெளியே வந்து மகளைப் போனில் அழைத்தார்.

"கிளம்புறப்ப என்னம்மா எழுதின? எனக்குப் பாதிதான் வந்துச்சு. தப்பு என்னோடது."



"நீங்களும் என்கூட வந்துடுங்கன்னு எழுதினேன்பா. மதியம் வந்து பாப்பீங்கன்னு ஸ்டேஷன்ல ரெண்டு ரயில விட்டுட்டு உக்காந்திருந்தேன்."



"இப்பவும் கூப்பிடுவியாம்மா?" என்றார்.