மீன் தொட்டியும் சாக்குப் படுதாவும்

கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. அங்கே மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்யும் அறை ஒன்று உண்டு. வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் அது கதகதப்பாக இருக்கும். அந்த அறையை மட்டும் மெதுவாகத் துடைப்பேன்.

சின்னஞ்சிறு மீன்கள், உடம்பில் நீலக் கோடு. சில தொட்டிகளில் கூழாங்கல்லும் செடியும் போட்டிருந்தார்கள். மற்றவற்றில் தண்ணீர் மட்டும். அப்படி ஒரு வெறும் தொட்டியின் அடியில், மூலையோடு ஒட்டி ஒரு மீன் அசையாமல் கிடந்தது.

எனக்கு யாரிடமும் வலியப் போய்ப் பேச வராது. அன்று கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, இதுக்குச் சீக்கா?"

"சீக்கு இல்ல ஆயாம்மா, பயம்," என்றாள் ஆராய்ச்சி செய்கிற பெண். "ஒளிய எடமே இல்ல பாருங்க. செடி இருக்கிற தொட்டியில மொதல்ல ஒளியும், பெறகு தானா வெளிய வந்து சுத்தும்."

வீட்டில் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கிடந்தார்.

நாங்கள் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இங்கேயும் எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில்தான் இருந்தோம். ஒரே அறைதான். ஆனாலும் சாக்கைப் பிரித்துத் தைத்து நடுவில் படுதா கட்டிவிடுவோம். முடியாதவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதற்கு அந்தப் பக்கம். மழையில் லயம் சரிந்த பிறகு, டவுனில் மகன் பிடித்த ஒற்றை அறைக்கு வந்தோம். கதவைத் திறந்தால் தெரு. வந்ததிலிருந்து இவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். முதலில் பேச்சு நின்றது, பிறகு சோறு குறைந்தது. உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே உருளைக்கிழங்குச் சாக்குகளைத் தைத்தேன்.

"என்ன அத்தை, மாமாவை மூட்டை கட்டப் போறீங்களா? பாக்குறவுக என்ன நெனைப்பாக?" என்றாள் மருமகள்.

"நெனைச்சுட்டுப் போறாகத்தா. மனுசன் கொஞ்சம் ஒளிஞ்சு கெடக்கட்டும்."

அவள் நாற்காலியில் ஏறி, மறுமுனையை ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் டீயைப் படுதாவுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். சற்று நேரத்தில் சாக்குக்கு அடியில் ஒரு கை வந்து காலி டம்ளரை வெளியே நகர்த்தியது. அதை உடனே எடுக்க மனம் வரவில்லை.

பிறகு தினமும் அந்தக் கை வந்தது. ஆள்தான் வரவில்லை. வருவார் என்று இருந்தேன்.

மார்கழியில் ஒரு காலை, வெகு நேரமாகியும் டம்ளர் வெளியே வரவில்லை. மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். படுதாவை விலக்க எனக்குக் கை எழவில்லை.