சந்தனம் வைத்த மூன்று ஃபிளாப்பிகள்

எண்பதுகளின் கடைசியில், தென்காசியில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணிதத்தில் பட்டமும் வாங்கியிருந்தேன். அங்கே எனக்கு முன்பே ஒரு டைப்பிஸ்ட் அக்கா இருந்தாள். முதல் நாளே, என் காதில் விழும்படி முதலாளியிடம் சொன்னாள்: "கீழப்பாவூர்ல கதிர் அறுக்குதவ மகளுக்கு எதுக்கு அண்ணாச்சி கம்ப்யூட்டரு?" அண்ணாச்சி சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

ஹார்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருந்தது. அந்த டிஸ்க் முழுவதும் டாஸ் என்ற சிஸ்டம். விஜயதசமியன்று யூனிக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்துக்கு வகுப்பு தொடங்க வேண்டும். டிஸ்க்கில் யூனிக்ஸுக்குப் பாதி இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் இருவரில் ஒருத்திக்கு அந்த வகுப்பின் டீச்சர் வேலை. அக்காவுக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. குற்றால மலைச் செடிகளைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய முந்நூறு பக்க ஆய்வேட்டை ஆறு மாதமாக அதே கம்ப்யூட்டரில் அடித்திருந்தாள். அதை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் நாற்காலி அவளுக்கு.

டிஸ்க்கைப் பிரிக்கும் வேலை மட்டும் எனக்கு வந்தது. பிரித்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று சொல்லியிருந்தேன். அக்கா ஆய்வேட்டை மூன்று ஃபிளாப்பிகளில் நகல் எடுத்தாள். ஆயுத பூஜைக்கு அவற்றையும் கீபோர்டோடு வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். உறையில் நீள்வட்டமாகத் திறந்திருக்கும் இடம் பொட்டு வைக்க வாகாக இருந்தது. கம்ப்யூட்டர் படிப்பதே அந்த இடத்தில்தான். விரல் பட்டாலே கெட்டுப்போகும். அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை போதும். சுண்டலைத் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, நகல் எடுத்தாகிவிட்டதா என்று முறைக்குக் கேட்டேன்.

"எடுத்து சாமிகிட்டயே வச்சாச்சு. நீ ஒன் சோலியப் பாருட்டி."

ஒரு ஃபிளாப்பியைப் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. நான் பார்க்கவில்லை. எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். பங்கு பிரிக்க என் அப்பாவுக்கு ஒரு சென்ட் வயல் இருந்ததில்லை. நான் டிஸ்க்கைச் சரிபாதியாகப் பிரித்தேன்.

யூனிக்ஸ் ஏறியதும், டாஸுக்கு விட்ட பாதியில் ஆய்வேட்டைத் திரும்ப ஏற்ற அக்கா உட்கார்ந்தாள். டிரைவ் கரகரத்தது. படிக்க முடியவில்லை என்று வந்தது. மூன்றுக்கும் அதேதான். முந்தானையால் துடைத்துத் துடைத்துப் போட்டாள்; சந்தனம் இன்னும் உள்ளே போனது.

வகுப்பில் சேர வந்தவர்கள் முன்னால் அண்ணாச்சி கேட்டார்: "சந்தனம் பூச இது என்ன கல்யாண வீடா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தமாகவே. பேராசிரியரின் கையெழுத்துப் பிரதியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து திரும்ப அடிக்கும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு, வகுப்புச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து, வகுப்பு நடக்கும் ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெளியே அடித்துக்கொண்டிருந்த அக்கா கீபோர்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நான் சந்தனம் வைக்கும்போது நீ அங்கனதான நின்ன. பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

அவள் விரல்கள் நின்றன. குளிர் வெளியே போகிறது என்று வகுப்புப் பிள்ளைகள் உள்ளேயிருந்து சொன்னார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.