தட்டோடு வந்த பள்ளிக்கூடம்

எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றே அடுத்த வீட்டு அக்கா நினைத்துவிட்டார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது! வந்தவர் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தலைமை ஆசிரியை. கையில் எவர்சில்வர் தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதற்கு மேல் ஒரு புதுப் பள்ளிப்பை.

எங்கள் சுவா ஊர்ப் பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அதனால் பள்ளிகளே வீடு தேடி வருகின்றன. முந்தின வாரம் ராசா ஊரிலிருந்து வேறொரு தமிழ்ப்பள்ளியின் கலர் நோட்டீஸ் வந்திருந்தது. இலவச வேன், கணினி அறை என்று ஏதேதோ போட்டிருந்தார்கள். நான் படித்த காலத்தில் என்னை எவரும் இப்படித் தாங்கியதில்லை. இப்போது நான் வாடிக்கையாளன். எதை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் விளங்கவில்லை.

"மொதலாம் ஆண்டுக்கு நாலு பேருதான் தம்பி. உங்க மகளும் வந்தா அஞ்சு. பள்ளிய மூடணும்னு பேசறவங்ககிட்ட நிமிந்து பேசுவேன்" என்றார் ஆசிரியை.

பெரியவர்கள் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கித்தான் பழக்கம். வாங்கிவிட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி முறைத்தபோதுதான் உறைத்தது, தாம்பூலம் வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி.

மனைவிக்குச் சீனப்பள்ளிதான் பள்ளி. "நம்மளத் தேடி வர்ற எடத்துல என்னாங்க இருக்கும்? எடம் இல்லன்னு சொல்றாங்க பாருங்க, அதான் நல்ல பள்ளி லா" என்றாள். போர்ட்டிக்சன் கடற்கரையில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் மண்டரின் சீனம் தெரிந்தவன்தான் மேலே போகிறான். அவள் சொல்வது சரி. ஆசிரியை சொன்னதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று மண்டை காய்ந்தது. கடைசி நாளில் இணையப் பதிவில் சீனப்பள்ளியை அழுத்தினோம்.

விஷயத்தை நேரில் சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். பையைத் தரமாட்டேன் என்று மகள் ஒரே அழுகை. வெறும் தட்டைக் கொடுப்பதும் நல்லதில்லை. வழியில் வெற்றிலையும் பழமும் பூவும் வாங்கி அடுக்கிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆசிரியையின் முகம் மலர்ந்துவிட்டது. "தட்டு மாத்தியாச்சு தம்பி! இனி அவ எங்க புள்ள" என்று கண் கலங்கினார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "வரேங்க டீச்சர்" என்றுதான் வந்தது.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"தட்டக் குடுத்துட்டேன்."

அதன்பின் எத்தனையோ முறை ஃபோனை எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

பள்ளி திறந்த அன்று, தமிழ்ப்பள்ளியின் பெயர் போட்ட அதே பையோடு மகளைச் சீனப்பள்ளியில் விட்டேன். திரும்பும்போது தோட்டத்துப் பள்ளியின் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். அங்கிருந்தே தெரிந்த முதலாம் ஆண்டு வகுப்பில் நான்கு பிள்ளைகள், ஐந்து நாற்காலிகள். பதிவுப் பட்டியலில் என் மகளின் பெயர் இல்லை என்று ஆசிரியைக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தும் அவர் வகுப்பு வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.