அலபாமாவில் ரஞ்சினி அக்கா சொன்னது

ரஞ்சினி அக்காவின் மகள் அழைத்தபோது நான் அலுவலகத்தில் ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். "அம்மா விடிய போயிட்டா, அன்ரி" என்றாள். மிச்சப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். அதன்பிறகு மூன்று நாட்களாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நாங்கள் குடியேறிய ஐரோப்பிய நகரமான பீலெஃபெல்டில் அவரைத் தெரியாத தமிழர் குறைவு. பள்ளியில் வரலாறு படிப்பித்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடிய ஊர்களுக்கு நம்மவர்களைக் கூட்டிப் போகவேண்டும் என்று நாலு வருடம் அலைந்தார். பத்தொன்பது பேர் சேர்ந்தோம். நான் அவருக்குத் துணையாக நின்றேன். "சுற்றுலா எண்டு சொல்லாதையுங்கோ, படிக்கப் போறம்" என்று ஒவ்வொருவரையும் திருத்துவார்.

அலபாமாவில் ஒரு சிறிய தேவாலயம். இளம் வயதில் ஊர்வலம் போய்ச் சிறைப்பட்ட ஒரு மூதாட்டி தன் கதையைச் சொன்னார். தண்ணீர் குடிக்கத் தனிக் குழாய், உள்ளே போகத் தனி வாசல். எங்களில் பலர் அழுதோம். முடிவில் அவர், "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்டார். சிலர் போரைச் சொன்னார்கள், சிலர் அகதியாய் வந்ததைச் சொன்னார்கள். அக்கா எழுந்தார். ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

"எங்கட வீட்டு வேலி அடைக்க வாறவருக்குச் சாதி பாத்துத் தேங்காய்ச் சிரட்டையிலதான் தண்ணி. ஊத்தினது நான். அவருக்கு அப்பான்ர வயசு. நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டனான்."

பேருந்தில் ஏறியதும் எங்களோடு வந்த சிவநேசன் அண்ணை வெடித்தார். "எங்கட மானத்தை ஏன் இஞ்ச கொண்டுவந்து வித்தனீங்கள்?"

"அவையின்ர கதைக்கு அழுறது லேசு, அண்ணை" என்றார் அக்கா. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள், அன்று ஊர்வலம் போனவர்களைப் பொலிஸ் அடித்த செல்மாப் பாலத்தில் ஏழு பேர் பேருந்தை விட்டு இறங்கவில்லை. பாதிப் பாலம் நடந்த அக்கா திரும்பி வந்து பேருந்தில் ஏறினார். "கோவத்தோடயே வாங்கோ அண்ணை. ஆனா நடந்து வாங்கோ." சிவநேசன் அண்ணை இறங்கினார். அக்கரை வரை நடந்தார்.

திரும்பி வந்தபின் சில வீட்டு விசேஷங்களுக்கு அக்காவுக்கு அழைப்பு வரவில்லை. அவர் அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினார். அதற்குள் நோய் முந்திக்கொண்டது.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோதுதான் சொன்னேன். "அக்கா, சிரட்டையில தண்ணி வாங்கிக் குடிச்ச ஆக்கள் நாங்கள். என்ர அப்பாவும் வேலி அடைக்கப் போனவர்."

"பத்து நாள் என்னோட ஒரே அறையில இருந்தனீர். ஏன் சொல்லேல்லை?"

"பயம்."

"என்னிலயோ?"

"ஓம்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து, "அடுத்த முறை நீர்தான் முதல் கதைக்கவேணும்" என்றார். பிடி வலித்தது.

அவரைத் தெரிந்தவர்களே, அடுத்த பயணத்தை நான் நடத்துகிறேன். இதை வாசித்தபின் உங்களில் எத்தனை பேர் என் வீட்டில் தேநீர் குடிப்பீர்களோ தெரியாது. இந்த ஊருக்கு வந்த இருபத்தாறு வருடமாக அந்தச் சந்தேகத்தை வாய்க்குள் வைத்திருந்தேன். இப்போது உங்களிடம் நேராகவே கேட்கிறேன், குடிப்பீர்களா? ரஞ்சினி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அப்படிக் கேட்கிற துணிவுதான்.