ஆறா, சாலையா, ஆகாயமா

பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். தலைநகரின் நெரிசலான தெருவில் மாடியில் இருந்தது அந்தப் பட்டறை. தெருவே அவளைப் 'பல்லக்கா' என்று கூப்பிடும். மெழுகில் ஈறு செதுக்கிப் பற்களைப் பதிக்கும்போது மட்டும்தான் அவள் கை நடுங்காது. மற்றபடி எதற்கும் நடுங்குகிறவள். லிஃப்டில் ஏற மாட்டாள். காஸை அணைத்துவிட்டுப் பாதிப் படி இறங்கியவள், மறுபடி ஏறிப் போய்ப் பார்ப்பாள்.

சின்ன வயதில் குடும்பத்தோடு மலைப் பாதையில் போனபோது, பஸ் சறுக்கி விளிம்பில் தொங்கியது. அவளை ஜன்னல் வழியாகத்தான் வெளியே இழுத்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் நகரத்தை விட்டு வெளியே போனதே இல்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பட்டறைக்குப் போன் வந்தது. மழைக்காட்டு நடுவே உள்ள ஊரில், மர ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த தம்பியின் மனைவி பேசினாள்.

"அண்ணி, அவர் கம்பத்துல இருந்து விழுந்துட்டார். தொடை எலும்பு நொறுங்கிப் போச்சு. நாளைக்கே ஆபரேஷன் பண்ணலேன்னா காலை எடுக்க வேண்டி வரும்ங்கறாங்க. அவர் வகை ரத்தம் இங்க யார்கிட்டயும் இல்ல. உங்க ஊர் ரத்த வங்கியிலயும் கேட்டாச்சு, கைவிரிச்சுட்டாங்க. உங்களுக்கும் அவருக்கும் ஒரே வகைதானே?"

"ஆமா" என்றாள்.

வீட்டுக்கு ஓடினாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் கணவர் சேதி கேட்டு முன்னாலேயே வந்திருந்தார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் தகப்பனாரை விட்டுவிட்டு அவரால் அவளோடு வர முடியாது.

"ஆத்து வழியா போனா?" என்று கேட்டாள். அந்த ஊருக்கு ஆறு, சாலை, ஆகாயம் என்று மூன்று வழி; மூன்றில் அவளுக்குக் கொஞ்சமாவது மனசு ஒப்பியது ஆறுதான்.

"படகு போய்ச் சேர மூணு நாள் ஆகும். அதை மறந்துடு. பஸ்ஸா, ப்ளேனா, சொல்லு."

பஸ் என்றால் ராத்திரி முழுக்க மலை. மண் சரிவு வேறு. ப்ளேன் என்றால் ஒரு மணி நேரம். ஆனால் கூண்டு மாதிரி சின்னது. சமையலறையில் நின்றபடி, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்காமலே வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"ப்ளேன்ல போறேன். பயப்பட்டுத்தான் ஆகணும்னா, சீக்கிரம் முடியற பயமே போதும்."

விமான நிலையத்தில் பையை எடை போட்ட பையன், "நீங்களும் ஏறி நில்லுங்க" என்றான்.

"நானுமா?"

"சின்ன ப்ளேன் இல்லியா? யாரை எங்க உட்கார வைக்கறதுன்னு பார்க்கணும்."

தன் எடையால் சாய்ந்துவிடக்கூடிய ஒன்றில்தான் ஏறப்போகிறோம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

மேலே போனதும் வெள்ளைப் புகைக்குள் நுழைந்தது போல எல்லாம் மறைந்தது. விமானம் திடீர் திடீரென்று பள்ளத்தில் விழுவது போலக் கீழே இறங்கியது. முன் வரிசையிலிருந்து பார்த்தால் விமானியின் பிடரி தெரிந்தது; அது வேர்த்திருந்தது. அதற்குப் பிறகு அவள் வேறெதையும் பார்க்கவில்லை. கடைசியில் அவர் திரும்பி, "காட்டுப் பக்கம் மொத்தமா மூடியிருக்கு. இறங்க முடியாது, திரும்பறோம்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. அடுத்த கணமே தம்பியின் கால் நினைவுக்கு வந்தது. 'சீ, நான் என்ன பிறவி' என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் ஏறினாள். தான் கத்தினால் காதில் விழட்டும் என்று டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, மெதுவா போங்க."

"வேகமா போனா நாம கீழ விழுவோம், மெதுவா போனா கல்லு நம்ம மேல விழும். உங்களுக்கு எது வசதி?" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. அவள் முன்கம்பியைப் பிடித்த பிடி விடியும்வரை தளரவில்லை.

விடியற்காலையில் பஸ் நின்றது. சாலையின் ஒரு துண்டைச் சேறு மூடியிருந்தது. அந்தப் பக்கம் வேறொரு பஸ் காத்திருந்தது. நடுவில் ஆட்கள் மிதித்து உண்டான ஒற்றையடித் தடம். கீழே மூடுபனி நிறைந்த பள்ளத்தாக்கு. மேலிருந்து பொடிக் கற்கள் உருண்டுகொண்டே இருந்தன. பயணிகள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அவள் மட்டும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர் பக்கத்தில் வந்து குந்தினார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "இந்த பஸ் திரும்பிப் போகுதும்மா. முடியலேன்னா ஏறிக்கோங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

திரும்பிப் போகிற பஸ். நேற்று வானத்தில் வந்த அதே குளிர்ச்சி மறுபடி நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டுதான் அவள் அதிகமாகப் பயந்தாள். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி நாலு காலில் தவழ ஆரம்பித்தாள். யாரோ சிரித்தார்கள். பாதி வழியில் தலைக்கு மேலே சரசரவென்று சத்தம். முகத்தைச் சேற்றில் புதைத்துக்கொண்டாள். முதுகில் கற்கள் விழுந்தன. "பாவி, கம்பத்துல ஏறும்போது பெல்ட் போட்டா என்னடா உனக்கு!" என்று சேற்றுக்குள்ளேயே கத்தினாள். கற்கள் நின்றதும் திட்டிக்கொண்டே மீதியையும் கடந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையைத் தேய்த்துக் கழுவி, பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ரொம்ப ஏறியிருக்கு. இறங்கினாத்தான் ரத்தம் எடுக்க முடியும். பயப்படாம படுங்க."

பயப்படாமல் எப்படிப் படுப்பது? 'இறங்கு, இறங்கு' என்று மனசுக்குள் சொல்லச் சொல்ல அது ஏறியது. இத்தனை தூரம் வந்தும் தன் பயமே தம்பியின் காலைத் தின்றுவிடப் போகிறதே என்று அழுதாள்.

அந்த நேரத்தில் தம்பியைப் பக்கத்துப் படுக்கைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்து, கண் குழிக்குள் போயிருந்தது. தலைமுடிவரை சேறு அப்பிய அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எதுலக்கா வந்தே?"

"நாலு கால்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வலியில் "ஐயோ" என்றான். சிரிப்பும் ஐயோவும் மாறி மாறி வர, அவளும் அடக்க மாட்டாமல் சிரித்தாள். அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு படுத்தாள். நர்ஸ் மறுபடி பிரஷர் பார்த்துவிட்டு, "இறங்கிடுச்சு" என்று ஊசியை எடுத்தாள்.

கால் பிழைத்தது. கொஞ்சம் விந்தித்தான் நடக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அவன் முதல்முதலாக நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்த அன்று, அவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு தம்பி மனைவியிடம் கேட்டாள்:

"விழுந்துட்டானா?"

"இல்ல அண்ணி, நிக்கிறார். கண்ணைத் திறங்க."