குழாயில் கட்டிய அத்தை

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஷாக் அடிக்காத பொருளே கிடையாது. பெங்களூர்ப் பனிக்காலம் அப்படி. காற்றில் ஈரம் வற்றி, உதடு வெடித்து, தலைவாரினால் சீப்போடு முடியும் சேர்ந்து எழுந்து நிற்கும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்துபோய்க் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுளீர் என்று ஒன்று வைக்கும். ஒவ்வொரு தடவையும் அப்பா முதல் தடவை போலவே அலறுவார். எங்கள் விவேக் நகரே சுவெட்டருக்குள் சுருண்டிருக்கும் அந்த நாட்களில் அத்தை மட்டும் பருத்தி நைட்டியும் வெறுங்காலுமாக வீட்டுக்குள் நடமாடுவாள்.

அத்தை அப்பாவின் தங்கை. எலெக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தாள். அந்த வேலைக்குக் கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப் மாட்டியாக வேண்டும். கைக்கடிகாரப் பட்டை மாதிரி ஒன்று, அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு ஒயர், ஒயரின் நுனியில் ஒரு கிளிப். நம் உடம்பில் சேரும் மின்சாரம் அது வழியாகத் தரைக்குப் போய்விடும். அதை மாட்டாமல் யாராவது போர்டைத் தொட்டுவிட்டால், சூப்பர்வைசர் அவர்கள் பெயரை வாசலில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதிவைப்பார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாள்கூட அந்தப் பலகையில் அத்தையின் பெயர் ஏறியதில்லை. மற்றவர்கள் தாங்கள் வாங்கிய பட்டத்தைச் சொல்லிக்கொள்வது போல அத்தை இதைச் சொல்லிக்கொள்வாள். வீட்டுக்கு வந்தவர்கள் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு தடவையாவது இதைக் கேட்டாக வேண்டும்.

எனக்கு ஏழு வயதான அந்த வருடம், கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் இருக்கும்போது, எங்கள் கோயில் பாடற்குழுவின் கீபோர்டு செத்துப்போனது. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்று கையை விரித்துவிட்டார். அத்தை பூசை முடிந்ததும் நேராகப் பாடற்குழு மாஸ்டரிடம் போய், தன்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

“இது மிக்ஸி இல்ல சிஸ்டர்” என்றார் மாஸ்டர். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அத்தைக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. விடாமல் கேட்டு வாங்கி, கீபோர்டை ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வருகிற வழியெல்லாம் அதை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை கம்பெனி ஆகிவிட்டது. பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி பீரோ மேலே போட்டாள். கம்பெனியில் கழித்துப்போட்ட நீல ரப்பர் விரிப்பை அங்கே விரித்தாள். தரையை ஈரத்துணியால் துடைத்து, காய்வதற்குள் மறுபடி துடைத்தாள். காற்றில் ஈரம் ஏறட்டும் என்று அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. எங்கள் வீடு பழைய வீடு, இரும்புக் குழாய். ரப்பர் விரிப்பிலிருந்து ஒன்று, ஸ்ட்ராப்பிலிருந்து ஒன்று என்று இரண்டு ஒயர்கள் கூடத்தைத் தாண்டி, சமையலறை வாசலைத் தாண்டி அந்தக் குழாயில் போய் முடிந்தன. அம்மா சாம்பார்ப் பாத்திரத்தோடு அவற்றைத் தாண்டித் தாண்டிப் போவாள். “உங்க தங்கச்சியக் குழாயில கட்டிப் போட்டிருக்கேன், அவுத்து விடுறதா வேணாமா?” என்று அப்பாவிடம் கேட்பாள். அத்தைக்குச் சிரிப்பு வந்தாலும் தலை நிமிராது.

எங்களுக்கும் சட்டங்கள் இருந்தன. யார் மேசைப் பக்கம் வந்தாலும் முதலில் ஜன்னல் கம்பியைத் தொட வேண்டும். கோயில் வாசலில் தீர்த்தத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வோமே, அதே பக்தியோடு அப்பா கம்பியைத் தொடுவார். கம்பளி உரசி உடம்பில் மின்சாரம் ஏறும் என்று, சுவெட்டர் போட்டவர்களுக்குக் கூடத்தில் இடமே இல்லை. போர்டைத் தொடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

இந்தச் சட்டங்களை எல்லாம் நான் எனக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டேன். பிளக்கைத் தொடாதே ஷாக் அடிக்கும், மோட்டார் பக்கம் போகாதே ஷாக் அடிக்கும் என்று கேட்டே வளர்ந்த பிள்ளை நான். ஆகவே அந்தப் பச்சைப் போர்டு பயங்கரமான சாமான், அது எங்களைத் தாக்காமல் இருக்கத்தான் அத்தை இவ்வளவு பாடுபடுகிறாள், தூக்கி எறியப்படாமல் இருக்கத்தான் தன்னைக் குழாயில் கட்டிக்கொள்கிறாள் என்று நம்பினேன். அத்தையின் தைரியத்தை நினைத்து எனக்கு மெய்சிலிர்க்கும். எங்களிடமிருந்து போர்டைத்தான் அத்தை காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. அவ்வளவு வெளிப்படையான விஷயத்தை யார்தான் சொல்வார்கள்?

கிறிஸ்துமசுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கீபோர்டுக்கு உயிர் வந்தது. அத்தை ஒரு கட்டையை அழுத்தினாள், சத்தம் வந்தது. இன்னொன்றை அழுத்தினாள், அதுவும் வந்தது. பிறகு ரிதம் பொத்தானை அழுத்தினாள். டும் டும் டக்கு என்று வீடே அதிர்ந்தது. அம்மா கரண்டியோடு வந்து ஆடினாள். அப்பா கம்பியைத் தொட்டுவிட்டு வந்து ஆடினார். அத்தைக்கு முகமெல்லாம் பல். இனி மூடி போட்டுத் திருகாணி முடுக்குவதுதான் பாக்கி, சாப்பிட்டுவிட்டு முடுக்கலாம் என்று ஸ்ட்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

நான் அப்போதுதான் மறைக்கல்வி வகுப்புக்குக் கிளம்பச் சுவெட்டர் போட்டுக்கொண்டு வந்தேன். சிவப்புச் சுவெட்டர், நடுவில் வெள்ளை மான். ரெக்சின் சோபாவில் ஏறி உட்கார்ந்து, சறுக்கி இறங்கி, மறுபடி ஏறிச் சறுக்கினேன். எதிரே மூடி திறந்த கீபோர்டு. உள்ளே பச்சைப் போர்டு. அதன் நடுவில் ஏகப்பட்ட கால்களோடு ஒரு கறுப்புச் சதுரம். அத்தைக்கு இருக்கும் தைரியம் எனக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று தோன்றியது. கிட்டப் போய் ஒற்றை விரலால் அதன் காலைத் தொட்டேன்.

சுளீர் என்றது. குட்டியாக ஒரு நீலப் பொறியும் பறந்தது. நான் தூக்கி எறியப்படவில்லை, அழவும் இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்த அத்தை ஸ்ட்ராப்பை மாட்டி, மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். கட்டைகள் எல்லாம் பாடின. ரிதம் மட்டும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். வரவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் தலைமுடியெல்லாம் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

“பாப்பா, இங்க வந்தியா?”

“வந்தேன் அத்தை. இதைத் தொட்டேன். ஷாக் அடிச்சுது, நான் அழவே இல்ல!”

நான் காட்டிய இடத்தையே அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் என் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் படிய வைத்தாள். “கிளாசுக்கு லேட்டாவுது, ஓடு” என்றாள். அவ்வளவுதான்.

நம் விரலுக்குப் பொறி என்று தெரிகிற அளவு மின்சாரம், ஐ.சி. என்கிற அந்தக் கறுப்புச் சதுரத்துக்கு இடி விழுந்த மாதிரி என்பதைப் பின்னாளில் கல்லூரி லேபில்தான் தெரிந்துகொண்டேன். சார் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு மட்டும் குப்பென்று வியர்த்தது.

அந்த ஐ.சி.க்காக அத்தை திங்கட்கிழமை லீவு போட்டு, எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு முழுக்க அலைந்தாள். பழைய மாடல், எங்குமே கிடைக்கவில்லை. மறுநாள் மாஸ்டர் வந்து கீபோர்டை வாசித்துப் பார்த்தார். கட்டைகள் பாடியதும் அவர் புருவம் உயர்ந்தது. ரிதம் பொத்தானை அழுத்தியதும் இறங்கியது.

“ரிதம் வராது மாஸ்டர்” என்றாள் அத்தை. “சரியாத்தான் வந்துது. நான்தான் ஸ்ட்ராப் மாட்டாம தொட்டுட்டேன். என் கையில போயிடுச்சு.”

அம்மா வாயைத் திறந்தாள். அத்தை அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அம்மா காப்பி கலக்க உள்ளே போய்விட்டாள்.

“அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்” என்றார் மாஸ்டர். எப்போது என்ன சொன்னார் என்று அவரும் விளக்கவில்லை, அத்தையும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் முதல்முறையாக டும் டும் டக்கு இல்லாமல் பாட்டு நடந்தது. கோயில் முழுக்கக் குரல்கள் மட்டும் எழும்பி நின்றன. முன்வரிசைப் பாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாலன் பிறந்த நாளில் கல்யாண பேண்டு எதற்கு என்று வருடக்கணக்காகப் புலம்பிவந்த ஃபாதர் பூசை முடிந்ததும் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி எப்போதும் இப்படியே பாடுங்கள் என்றார். மாஸ்டர் அடக்கமாகத் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

பிறகு வாசலில் கேக் கொடுத்தார்கள். மாஸ்டர் ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று, “கம்பெனில வேலை செய்யுறாங்க, ஸ்ட்ராப் மாட்ட மறந்துட்டாங்களாம்!” என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதில் கம்பெனியில் அத்தையோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தியும் இருந்தாள். அத்தை தூணோரமாகக் கேக்கை வைத்துக்கொண்டு நின்றாள். தின்னவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. அத்தையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பரவால்ல அத்தை. எல்லாரும்தான் தப்பு பண்ணுவாங்க. அடுத்த தடவ மறக்காம மாட்டிக்கோங்க, நான் ஞாபகப்படுத்துறேன்.”

அத்தை என்னைக் குனிந்து பார்த்தாள். பிறகு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “சரிங்க டீச்சர்” என்று சொல்லிக் கேக்கைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள், தானும் தின்றாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்திலோ தெருவிலோ எங்கேயும் நான் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. அத்தை செய்த தவறை யாரிடமும் சொல்லாமல் அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு வெகுநாள் பெருமையாக இருந்தது.